நான்கு பெட்டியும் ஒரு முழங்காலும்

மாநகரப் பொது அரங்கத்தின் மைக்காரருக்கு வலது முழங்காலில்தான் பிரச்சினை. கழுத்துக்கு மேலே எல்லாம் நன்றாகவே வேலை செய்தது. அந்த அரங்கத்தில் பதினேழு வருடம் வேலை பார்த்த ஒருவருக்கு அதுவே பெரிய விஷயம்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை படி ஏறுவீங்க?" என்று கேட்டார்.

"நூத்தி இருபத்தாறு."

"வீடு மலை மேலயா?"

"இல்ல டாக்டர். மைக் செட் ஆன் பண்றதுக்கு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"ஆஃப் பண்றதுக்கு இன்னொரு நூத்தி இருபத்தாறு" என்று மைக்காரர் பணிவாகச் சேர்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அரங்கத்தின் ஒலிக் கருவிகள் நான்கு இடங்களில் சிதறிக் கிடந்தன. பின்வரிசைக்குப் பின்னால், மைக்காரரின் கண்ணாடிக் கூண்டில், எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து அனுப்பும் மிக்சர். மேடையை ஒட்டிய அறையில் சில ஆம்ப்ளிஃபயர்கள். பால்கனிக்குப் பின்னால் சில. கூரைக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறையில், பெரிய ஆம்ப்ளிஃபயர்கள். நான்கு இடத்திலும் தலா ஒரு சீக்வென்சர் பெட்டி. பொத்தானை அழுத்தினால், எல்லாக் கருவிக்கும் ஒரேயடியாக மின்சாரத்தை அள்ளிக் கொட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாகக் கொடுக்கும் பெட்டி. முதலில் மிக்சர். அடுத்து நடுவிலுள்ள சின்னச் சின்னக் கருவிகள். எல்லாம் எழுந்து முகம் கழுவி உட்கார்ந்த பிறகு, கடைசியில் ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது தலைகீழ்: ஆம்ப்ளிஃபயர் முதலில் போய்ப் படுத்துவிட வேண்டும். வரிசை மாறினால், மற்றக் கருவிகள் கண்விழிக்கும்போது விடும் கொட்டாவியைக்கூட ஆம்ப்ளிஃபயர் ஊருக்கே பெரிதாக்கிச் சொல்லிவிடும். ஸ்பீக்கரில் 'டம்' என்று ஓர் இடி விழும். அதில் ஸ்பீக்கர் கிழிந்தாலும் கிழியும்.

ஆகவே மைக்காரர் கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு பெட்டியாக அழுத்திக்கொண்டே கூரை வரை ஏறுவார். நிகழ்ச்சி முடிந்ததும் மறுபடி கூரைக்கு ஏறி, அங்கிருந்து அணைத்துக்கொண்டே இறங்குவார்.

"இன்னும் ஆறு மாசம் இப்படியே ஏறினீங்கன்னா, அந்த முட்டியை நான்தான் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். "ஒரே இடத்துல உட்கார்ந்து ஆன் பண்ண வழி இல்லையா?"

வழி இருந்தது. நான்கு பெட்டிகளின் முதுகிலும் அதற்கென்றே ஒரு துளை இருந்தது. ஒரு வயரால் நான்கையும் கோத்துவிட்டால், ஒரே பொத்தானில் நான்கும் வரிசை பிசகாமல் எழுந்திருக்கும். மைக்காரர் அன்றே அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். "ஐயா, நான்கு பெட்டிகளையும் தொலைவிலிருந்து இயக்க ஒரு வயரும் ஒரு பொத்தானும் தேவை."

அந்தக் கடிதத்தில் ஒரு சொல் மட்டும் அரங்க வாரியத்தின் கண்ணில் பட்டது. தொலைவிலிருந்து.

பதினோரு வாரம் கழித்துக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் டைப்பிஸ்ட் அக்கா. மைக்காரரைவிட நான்கு வயது இளையவர். இருந்தாலும் ஆபீஸ் முழுக்க அவர் அக்கா. அவர் மைக்காரரை அண்ணே என்பார். இப்படி இருவரும் ஒருவரை ஒருவர் மூத்தவராக்கி மரியாதை செய்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, உங்க அரைப் பக்கம் இப்ப நாப்பத்தி ரெண்டு பக்கம் ஆயிடுச்சு. ரெண்டு கையால தூக்கிட்டுப் போறாங்க."

"நான் ஒரு வயர்தானே அக்கா கேட்டேன்?"

"வயர் எட்டாவது பக்கத்துலயே காணாமப் போச்சு."

வாரியத்தின் அலுவலகம் அரங்கத்துக்கு எதிர்க் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் இருந்தது. எண்பத்தெட்டுப் படி. லிஃப்ட் உண்டு; வாரிய உறுப்பினர்களுக்கு மட்டும். மைக்காரர் ஏறி முடித்தபோது முழங்கால் பழைய கதவுபோல் முனகியது. கூட்டத்தில் தலைவரும், அவருக்கு வலப்பக்கம் துணைச் செயலாளரும் இருந்தார்கள். துணைச் செயலாளருக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர். அவர் பேசினாலும் எழுதினாலும், மேலே ஒரு வரி இருந்தால் கீழே ஆறு வரி இருக்கும்.

"எங்க உட்கார்ந்து இயக்கப் போறீங்க?" என்றார் அடிக்குறிப்பு.

"கீழ, என் கூண்டுல சார்."

"முதல் பெட்டி எங்க இருக்கு?"

"என் காலடியில."

"காலடியில இருக்கிறதை எப்படித் தொலைவுன்னு வாரியம் ஏத்துக்கும்?"

மைக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் தலைவர் கையை உயர்த்தினார். தலைவர் கையை உயர்த்தினால் சொற்பொழிவு வருகிறது என்று பொருள். அடிக்குறிப்பு பேனாவைத் திறந்தார்.

"நான் இந்த அரங்கத்துல டிக்கெட் கிழிச்சவன். அப்ப உள்ளயே நின்னேன். அப்புறம் டிக்கெட் கிழிக்கிறவங்களை மேற்பார்வை பார்த்தேன், வாசலுக்கு வந்தேன். மேலாளர் ஆனேன், எதிர்க் கட்டடத்துக்கு வந்தேன். இன்னிக்குத் தலைவர். அரங்கத்துக்குள்ள காலெடுத்து வெச்சு ரெண்டு வருஷமாச்சு. வேலைக்கும் நமக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ, அவ்வளவு உயரம். இந்த வாரியத்துல வேலையிலிருந்து என்னைவிடத் தள்ளி இருக்கிறவங்க யாராவது உண்டா? இருந்தா கை தூக்கட்டும்."

யாரும் கை தூக்கவில்லை. அடிக்குறிப்பின் கை கொஞ்சம் எழுந்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

"அப்ப தொலை இயக்கம் என்கிட்டதான் இருக்கணும்" என்று தலைவர் முடித்தார். "சுமைதான். சுமக்கிறேன்."

இப்படியாக, வயருக்குப் பதிலாகக் கம்பியில்லாத ரிமோட் ஒன்று வாங்கப்பட்டது. நீலத் துணி விரித்த பெட்டியில் தலைவரின் மேசைமேல் அது குடியேறியது. அதன் சமிக்ஞையைப் பிடித்துப் பெட்டிகளுக்குச் சொல்லும் சின்ன டப்பா ஒன்று மைக்காரரின் கூண்டில் மாட்டப்பட்டது. தலைவர் தன் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி அழுத்தினால் அது பிடித்துக்கொள்ளும். எப்போது அழுத்த வேண்டும் என்று தலைவருக்குச் சொல்ல, 'ஒலி எழுப்புதல் வேண்டுகைப் படிவம்' மூன்று பிரதிகளில் நேரில் தரப்பட வேண்டும்.

"எண்பத்தெட்டுப் படி ஏறித் தரணுமா?" என்று மைக்காரரின் மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"மூணு பிரதி."

"ஒரு பொத்தான் கேட்டீங்க, அதைக் கொண்டுபோய் மூணாவது மாடியில வெச்சுட்டாங்க. நல்லவேளை, புது முட்டி கேக்கல. கேட்டிருந்தா அதையும் தலைவருக்கே மாட்டியிருப்பாங்க."

அத்தோடு விட்டிருந்தால் மைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். ஆனால் கருவிகள் ஒரு வரிசைப்படி எழுந்திருக்கின்றன என்ற செய்தி அடிக்குறிப்பின் காதுக்கு எட்டிவிட்டது. வரிசை என்று ஒன்று இருந்தால் அது பணிமூப்பு வரிசையாகத்தான் இருக்க முடியும்; வேறு வரிசையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. இரண்டே நாளில் 'ஒலிக் கருவிகளின் முன்னுரிமைப் பட்டியல்' வெளியானது. எடையிலும் விலையிலும் பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் முதல் இடத்தில். மிக்சர் பதினைந்தாவது, அதாவது கடைசி. காரணம் பட்டியலின் அடிக்குறிப்பில் இருந்தது: "மேற்படி கருவியின் மீது நாள் முழுவதும் விரல்கள் வைக்கப்படுகின்றன. அது தொடர்ந்து உழைப்பதாகவும் தெரிகிறது. ஆகவே கீழ்நிலை."

மைக்காரர் மறுபடி கடிதம் எழுதினார். "ஆம்ப்ளிஃபயரை முதலில் போட்டால் 'டம்' என்று வரும்."

பதில் வந்தது. "'டம்' என்ற சொல் வாரியத்தின் பதிவேடுகள் எதிலும் காணப்படவில்லை. அது யாது? எத்தனை எண்ணிக்கையில் வரும்? வருவதற்கு அதிகாரம் அளித்தவர் யார்?"

அவர் எழுதினார்: "அது சத்தம். பதினான்கு வரை வரலாம். யாரும் அதிகாரம் அளிக்கவில்லை."

"அதிகாரம் அளிக்கப்படாததால் வராது" என்று கோப்பு மூடப்பட்டது.

ரிமோட்டின் தொடக்க விழாவுக்கு அரங்கம் நிறைந்தது. பெட்டிகளின் வரிசையை உத்தரவுப்படி மாற்றி வைத்துவிட்டு, மைக்காரர் தன் கூண்டில் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைக் இன்னும் உயிர் பெறாததால், தலைவரின் உரை முதல் இரண்டு வரிசைக்கு மட்டும் கேட்டது. மற்றவர்கள் அந்த இரண்டு வரிசை கைதட்டும்போது கைதட்டினார்கள். உரையின் முடிவில் தலைவர் ரிமோட்டைத் தலைக்கு மேலே தூக்கி, எல்லாப் பக்கமும் காட்டி, அழுத்தினார்.

ஆம்ப்ளிஃபயர்கள் எழுந்தன. ஊமென்று உறுமின. பிறகு அடுத்தடுத்த கருவிகள் விழிக்க விழிக்க, டம். டம். டம். மேடைத் திரையிலிருந்து எட்டு வருடத் தூசி இறங்கியது. நான்காவது டம்மில் அடிக்குறிப்பு மேசைக்கு அடியில் போனார். குறிப்பெடுக்கப் போனதாகப் பிறகு சொன்னார். ஒன்பதாவது டம்மில் பால்கனி காலியானது. கடைசியாக மிக்சர், பாவம், கீழ்நிலை ஊழியர், கண்விழித்தபோது வந்த டமாரில் மேடையின் வலது பக்கப் பெரிய ஸ்பீக்கர் நடுவில் கிழிந்து, பஸ் டயரிலிருந்து காற்று போவதுபோல் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

தலைவர் அசையவில்லை. தலைமுடியெல்லாம் தூசி வெண்மை. மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "இதுதான் வளர்ச்சியின் ஓசை!"

எஞ்சியிருந்த முதல் இரண்டு வரிசை கைதட்டியது.

மறுநாள் மைக்காரருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். "தாங்கள் அறிவித்தபடியே பதினான்கு 'டம்' வந்துள்ளன. முன்கூட்டியே எண்ணிக்கை தெரிந்திருந்ததால், தாங்களே இதைத் திட்டமிட்டதாக ஏன் கருதக் கூடாது?"

எண்பத்தெட்டுப் படியையும் ஏறினார். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார். விசாரணை அறையில் அடிக்குறிப்பு கோப்பை விரித்தபோது, ஆறாவது மாசம் நெருங்குகிறது என்பதுதான் மைக்காரரின் மனதில் ஓடியது. இவர்களிடம் மின்சாரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இவர்களுக்குத் தெரிந்ததைப் பேச வேண்டும்.

"சார், நம்ம விழாக்களுக்கு முதல்ல யாரு வருவாங்க?"

"நாற்காலி போடுறவங்க" என்றார் தலைவர்.

"அப்புறம்?"

"நீங்க. அப்புறம் கூட்டம். அப்புறம் நாங்க."

"கடைசியில?"

"பிரதம விருந்தினர்."

"முதல்ல கிளம்புறது?"

"அவரேதான். பாதியிலயே கிளம்பிடுவார். அதுதான் அவருக்கு அழகு."

"ஆம்ப்ளிஃபயரும் அதே மாதிரிதான் சார். பெரிய மனுஷன். கடைசியில வந்து முதல்ல போகணும். நாம அவரைப் போய் முதல் ஆளா வர வெச்சு உட்கார வெச்சோம். நாற்காலி இழுக்கிற சத்தம், கூட்டுற சத்தம் எல்லாம் அவர் காதுல விழுந்திருக்கு. கோபம் வருமா வராதா?"

தலைவரின் முகம் வெளிறியது. பதினான்கு இடிக்கு அசையாத மனிதர்.

"பெரியவரைக் காக்க வெச்சுட்டோமா?" என்றார் மெல்லிய குரலில். "யாரு போட்ட உத்தரவு இது?"

அடிக்குறிப்பு கோப்பின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்தைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். கோப்பை மூடினார்.

"தட்டச்சுப் பிழை சார்" என்றார்.

வரிசை சரியானது. புது ஸ்பீக்கர் வந்தது. அடுத்த நிகழ்ச்சியில் ஒரு டம்கூட இல்லை. மைக்காரர் வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்து, வீட்டுக்குப் போகும் வழியில் மனைவிக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பொட்டலம் தீர்வதற்குள் அடுத்த சுற்றறிக்கை வந்தது.

"ஆம்ப்ளிஃபயர்கள் பிரதம விருந்தினர் தகுதி பெற்றவை என நிறுவப்பட்டுவிட்டதால், ஒவ்வொரு நிகழ்ச்சியின்போதும் மூன்று அறைகளிலும் அவற்றைப் பூங்கொத்துடன் நேரில் வரவேற்று, பச்சை விளக்கு எரியும்வரை எழுந்து நின்று, பிறகு திரும்ப வேண்டும். வழியனுப்பும்போதும் அவ்வாறே. இப்பணிக்கு, மேற்படி விருந்தினர்களுடன் முன்பழக்கம் உள்ள மைக்காரர் நியமிக்கப்படுகிறார்."

கணக்கு எளிது. படிவம் கொடுக்க எண்பத்தெட்டு. பூங்கொத்து கொடுக்க நூற்றிருபத்தாறு. வழியனுப்ப மறுபடியும் இரண்டும்.

மைக்காரர் ஏறினார். கூரை அறையில், மூன்று கால் நாற்காலிகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் பூங்கொத்தை ஆம்ப்ளிஃபயரின் தலையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பச்சை விளக்குக்காக நின்றார். எதிர்க் கட்டடத்தில் தலைவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததால் விளக்கு எரிய இருபது நிமிஷம் ஆனது. வருகைப் பதிவேட்டில் ஆம்ப்ளிஃபயர் சார்பில் கையெழுத்தும் போட வேண்டியிருந்தது. இரண்டாவது வாரம் அவர் படியில் பக்கவாட்டாக, நண்டுபோல் இறங்கிக்கொண்டிருந்தார்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? பிரதம விருந்தினராம்!" என்றாள் மனைவி. பிஸ்கட்டை மட்டும் அவளே முடித்திருந்தாள்.

படிவத்தின் மூன்று பிரதிகளோடு அவர் மூன்றாவது மாடியில் வந்து விழுந்த ஒரு நாள், டைப்பிஸ்ட் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அப்போது அவர் 'விருந்தினர் வசதி விதிகள்' என்று எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். இந்தப் பெரிய மனுஷங்க எல்லாம் இப்ப எங்க தங்கியிருக்காங்க?"

"மேல. உடைஞ்ச நாற்காலி ரூம்ல."

"ஃபேன் உண்டா?"

"எலிதான் உண்டு."

டைப்பிஸ்ட் அக்கா தட்டுவதை நிறுத்தினார். மைக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிரதம விருந்தினரையா அங்க வெச்சிருக்கோம்?" என்றார் அக்கா, நெஞ்சில் கைவைத்து. பிறகு புதுத் தாள் ஒன்றைச் செருகினார். "சொல்லுங்கண்ணே, அடிக்கிறேன்."

மைக்காரரின் மூன்றாவது கடிதம் நான்கே வரி. அதற்குப் பதினோரு வாரம் ஆகவில்லை. பதினோரு நிமிஷம்தான் ஆனது. தலைவர் தன் அறையிலிருந்து தானே எழுந்து வெளியே வந்தார். அந்தக் காட்சியை ஆபீசில் பாதிப் பேர் அதற்குமுன் பார்த்ததில்லை.

"எலியா? எந்தப் பெரியவராவது வெளியில சொன்னா நம்ம மானம் என்னாகிறது?"

"விதிப்படி விருந்தினருக்குத் தரைத்தளம், குளிர்சாதனம், கூடவே ஓர் உதவியாளர்" என்று அடிக்குறிப்பு மூச்சு விடாமல் படித்தார். "அடிக்குறிப்பு: உதவியாளருக்குச் சாய்வு நாற்காலி."

"தரைத்தளத்துல இடம் எங்க இருக்கு?"

"என் கூண்டுல இருக்கு சார்" என்றார் மைக்காரர். "சின்ன இடம்தான். அவங்க பெரிய மனசு பண்ணிப் பொறுத்துப்பாங்க."

மறுநாள் மாலைக்குள் ஆம்ப்ளிஃபயர்களும் மூன்று பெட்டிகளும் சுமைக்காரர்களின் தோளில் ஊர்வலமாக இறங்கின. ஸ்பீக்கர் வயர்களை நீட்டினார்கள். கூண்டுக்கு ஏசி வந்தது. கதவில் 'பிரதம விருந்தினர் அறை. அனுமதியின்றி நுழையாதீர்' என்று பலகை வந்தது. நான்கு பெட்டிகளும் சாய்வு நாற்காலியைச் சுற்றி அமைந்தன. இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு இரண்டு. பூங்கொத்தையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கொடுக்கலாம். பிடித்துக்கொண்டு நிற்க, நாற்காலியின் கைப்பிடி இருந்தது.

இந்த அமளியில் ஒரு சின்ன விபத்து. ஒரு சுமைக்காரர், ரிமோட்டின் சமிக்ஞையைப் பிடிக்கும் டப்பாவின் மேல் ஆம்ப்ளிஃபயரை இறக்கிவிட்டார். டப்பா அப்பளமானது. விதிப்படி, பழுதை மூன்றாவது மாடிக்கு நேரில் போய்த் தெரிவிக்க வேண்டும். மைக்காரர் முழங்காலைத் தடவிப் பார்த்தார். எண்பத்தெட்டுப் படியை நினைத்துப் பார்த்தார். பிறகு டப்பாவின் துண்டுகளைப் பொறுக்கி, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

வாரியத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைவர் மறுபடி மேடையேறினார். முதல் இரண்டு வரிசை ஆட்கள் இந்த முறை பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தக் கட்டடத்துல எந்தக் கருவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்று தலைவர் தொண்டை கிழியப் பேசினார். "தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்ல. என்னோட ஒரு விரல், அவ்வளவுதான். எல்லாம் தானா நடக்கும்!"

ரிமோட்டைத் தூக்கினார். அழுத்தினார். அதன் சிவப்பு விளக்கு அழகாக மின்னியது.

அரங்கத்தின் கடைசியில், கண்ணாடிக்குப் பின்னால், குளுகுளுவென்ற அறையில், மைக்காரர் இடது கையை நீட்டி இரண்டு பெட்டிகளையும் வலது கையை நீட்டி இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினார். மிக்சர் விழித்தது. மற்றவை விழித்தன. கடைசியில் பெரியவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு சின்ன முனகல்கூட இல்லை. தலைவரின் மூச்சு அரங்கம் முழுக்கத் துல்லியமாகக் கேட்டது. கூட்டம் ஆரவாரித்தது.

விழா பாதியில் இருக்கும்போதே தலைவர், பெரிய மனிதர்களின் வழக்கப்படி, கிளம்பினார். போகும்போது மறக்காமல் ரிமோட்டை ஒரு முறை அழுத்தினார். மேடையில் பாடகி பாதிப் பாட்டில் இருந்தார். மைக்காரர் எதையும் தொடவில்லை, பாட்டு தொடர்ந்தது. அதைத் தலைவர் கவனிக்கவில்லை. அவர் நடக்க நடக்க, அரங்கம் வரிசை வரிசையாக எழுந்து நின்று வழிவிட்டது. பின்வரிசையைத் தாண்டும்போது அவர் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பி, ரிமோட்டை உயர்த்திக் காட்டிப் புன்னகைத்தார்.

மைக்காரரும் புன்னகைத்தார். வலது காலை நீட்டி, பெரிய ஆம்ப்ளிஃபயரின் வெதுவெதுப்பில் முழங்காலை ஒத்தடமாக வைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.